கஞ்சமலை இரும்பும் துப்பாக்கியின் தாழும்

ஏற்காடு செல்பவர்கள் தவறாமல் நிற்கும் இடங்களுள் லேடீஸ் சீட் எனப்படும் சீமாட்டி இருக்கையும் ஒன்று. வெயில் தாழும் நேரத்தில் அங்கே நின்றால் சேலம் நகரம் காலடியில் விரிந்து கிடக்கும். பெரும்பாலோரின் பார்வை நகரத்து விளக்குகளோடு நின்றுவிடும். சற்று நிதானித்துப் பார்த்தால் வேறு இரண்டு காட்சிகளும் புலப்படும். சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், நிலத்தின் தோலை உரித்துவிட்டாற்போல வெளுத்துக் கிடக்கும் பரப்பு ஒன்று. சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் சுரங்கங்கள் அவை. நகரத்துக்கு அப்பால், தென்மேற்கில் தனித்து நிற்கும் கஞ்சமலை மற்றொன்று. சித்தர் கோயிலால் பெயர்பெற்ற அம்மலையின் உடம்பெல்லாம் இரும்புக் கல்.

இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நாம் பேசப் போவது துப்பாக்கியின் ஒரு சிறு உறுப்பைப் பற்றி. இலக்கிய அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். துப்பாக்கியைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஒரு கையளவு எஃகுத் துண்டுக்குள் எத்தனை ஊர்களின் வரலாறு ஒடுங்கியிருக்கிறது, அதில் நம்முடைய ஊரின் பங்கு என்ன, அந்தப் பங்கு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பனவே நம் கேள்விகள்.

துப்பாக்கியில் குதிரை எது என்று நம்மில் பலருக்குத் தெரியும். போல்ட் என்று காவலர்கள் சொல்லும் உறுப்பு அத்தனை பழக்கமானதன்று. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். நாம் அதைத் தாழ் என்றே சொல்வோம். குழலின் பின்வாயில் தோட்டாவைச் செலுத்தி, முறுக்கிப் பூட்டி, வெடிக்கும் கணத்தில் அந்த வாய் திறந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது இதன் வேலை. நம் காவல்துறையில் நெடுங்காலம் புழங்கிய பாயிண்ட் 303 துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம், நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3,600 மடங்கு வரை போகலாம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும் அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்று டன் சுமை தாழின் முகத்தில் வந்து மோதுகிறது. அந்த முகத்துக்குச் சில அங்குலங்களுக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவனின் கண்.

ஆகவே இந்தத் தாழுக்கு எந்த எஃகு என்பது ஓர் உயிர்ப் பிரச்சினை. கடினமான எஃகு தேயாது. ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்கும். இளகிய எஃகு நொறுங்காது. ஆனால் சில நூறு வேட்டுகளில் நசுங்கித் தன் அளவை இழக்கும். இரண்டு குணமும் ஒரே துண்டில் வேண்டும். இதற்குக் கொல்லர்கள் கண்ட வழி மேல்தோலை மட்டும் கடினமாக்குவது. கரி குறைந்த இளகிய எஃகில் தாழைச் செய்து, கரிப்பொருளுக்குள் புதைத்துச் சூடேற்றினால், கரி தோலுக்குள் மட்டும் ஊறும். பிறகு குளிர வைத்தால் தோல் வைரமாகும்; உள்ளே இளக்கம் அப்படியே இருக்கும். தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புறக்காழ் உடையவை, அகக்காழ் உடையவை என்று பிரிப்பதை நாம் அறிவோம். அந்தக் கணக்கில் துப்பாக்கியின் தாழ் ஒரு பனை. வெளியே வைரம், உள்ளே சோறு.

கரியை இரும்புக்குள் ஊறவைக்கும் இந்த வித்தை சேலத்துக்குப் புதிதன்று. இந்தியாவிலிருந்து போன எஃகை ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தனர். கன்னட உக்கு என்ற சொல்லின் திரிபு அது என்பர். தமிழில் உருக்கு. சங்கப் பாடல்களில் எஃகு என்றால் வேல், கூர்மை என்றெல்லாம் பொருள்படும். கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் உருக்குச் செய்த தடயங்களைத் தொல்லியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். சேலம் வட்டாரத்தில் இத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது. அதை நமக்கு எழுதிவைத்துப் போனவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கும்பினி அலுவலர்.

1839இல் ராயல் ஏசியாடிக் சொசைட்டியின் இதழில் வந்த ஹீத்தின் கட்டுரையிலிருந்து அந்த உலைக்களத்தை நாம் மனத்தில் கட்டிக்கொள்ளலாம். களிமண்ணோடு கருக்கிய நெல் உமியை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்த சிறு மூசை. அதற்குள் துண்டாக வெட்டிய இரும்பு. அதோடு உலர்ந்த ஆவாரை விறகு. மேலே ஓரிரு பச்சை இலைகள். எருக்கிலை அவற்றுள் ஒன்று. வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால், ஆறிய மூசையை உடைக்கும்போது அடியில் ஒரு வில்லை எஃகு இருக்கும். ஆவாரையின் கரி இரும்புக்குள் முழுதாக ஊறிய எஃகு அது. அதில் கரி நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் இருக்கும். இன்றைய தாழின் தோலில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆவாரை மூசையும் துப்பாக்கித் தொழிற்சாலையின் கரிப்பெட்டியும் செய்கிற வேலை ஒன்றுதான். ஒன்று கரியை முழு உடம்புக்கும் ஊட்டுகிறது. மற்றது தோலோடு நிறுத்திக்கொள்கிறது.

இந்த எஃகு லண்டனில் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து எழுதினார். 1819இல் மைக்கேல் பாரடே ஆராய்ந்தார். இதன் மேன்மைக்கு அதில் கலந்த அலுமினியமும் சிலிக்காவுமே காரணம் என்று அவர் எண்ணியது பிழை. ஆனால் அந்தப் பிழை வீண்போகவில்லை. இரும்போடு வேறு உலோகங்களைக் கலந்தால் என்ன ஆகும் என்று ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அவர் தொடங்கிய சோதனைகளே கலவை எஃகு ஆராய்ச்சிக்கு வித்திட்டன. அவர்கள் கலந்துபார்த்த உலோகங்களுள் குரோமியமும் ஒன்று. இன்று துப்பாக்கித் தாழுக்கு எடுக்கும் உயர்ரக எஃகு பலவற்றில் குரோமியம் தவறாது இருக்கிறது. பாரடே தேடிய அலுமினியத்தின் தாது சேர்வராயன் மலைமேலேயே பாக்சைட்டாகக் கிடந்தது என்பதும், குரோமியத்தின் தாது அடிவாரத்து வெள்ளைக்கல் குன்றுகளுக்குள் கருப்பூர்ப் பக்கம் ஒளிந்திருந்தது என்பதும் நாம் சிரித்துக்கொண்டு நினைத்துப் பார்க்க வேண்டிய செய்திகள்.

ஹீத்துக்கு வருவோம். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலைமேல் காப்பிச் செடியை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஹீத் அடிவாரத்து இரும்பைக் கனவு கண்டுகொண்டிருந்தார். மேலே காப்பி நிலைத்துவிட்டது. கீழே இரும்பு நிலைக்கவில்லை. 1830இல் பரங்கிப்பேட்டையில் ஹீத் ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலை அமைத்தார். தாது சேலத்துப் பக்கத்திலிருந்து நூறு மைலுக்கும் மேல் பயணம் செய்து கடற்கரைக்குப் போக வேண்டும். எரிக்க நிலக்கரி கிடையாது. காட்டை வெட்டித்தான் கரி. ஊதுலையின் பசிக்குக் காடு ஈடுகொடுக்க முடியாது என்பது விரைவில் தெரிந்தது. நிறுவனம் கைமாறி, பெயர் மாறி, சேலம் மாவட்டத்துப் பாலம்பட்டியிலும் திருவண்ணாமலையிலும் கிளை விட்டு, 1860களில் அணைந்துபோனது.

பரங்கிப்பேட்டையில் கைச்சொத்தை இழந்த ஹீத் இங்கிலாந்து திரும்பி ஷெபீல்டு நகரத்தில் எஃகுச் சோதனைகளில் இறங்கினார். 1839 ஏப்ரலில் ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருகும் மூசையில் சிறிதளவு மாங்கனீசுக் கார்பைடைச் சேர்த்தால், மட்டமான இரும்பிலிருந்தும் அடித்து ஒட்டக்கூடிய நல்ல எஃகு கிடைக்கும் என்பதே அது. உருகிய இரும்பில் மிஞ்சும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் மாங்கனீசு பிடித்துக் கட்டிவிடுகிறது; எஃகு நொறுங்காமல் அடிக்கு வளைகிறது. ஷெபீல்டில் எஃகின் விலை இதனால் வெகுவாகக் குறைந்தது. சேலத்துக் கொல்லர்களிடம் மாங்கனீசு ரகசியத்தை ஹீத் கற்றுக்கொண்டு போனார் என்று பெருமை பேசினால் அது வரலாறாகாது. அவர்கள் சேர்த்தது ஆவாரையும் எருக்கிலையும். ஆனால் மூசைக்குள் ஒரு கைப்பிடி வேறொன்றைப் போட்டால் இரும்பு வேறொன்றாகும் என்ற காட்சியை அவர் நம் ஊரில் பார்த்தவர். அவ்வளவே நாம் உரிமையோடு சொல்லக்கூடியது.

காப்புரிமை ஹீத்தைக் காப்பாற்றவில்லை. கார்பைடைத் தனியே செய்யத் தேவையில்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போட்டாலே அது உள்ளே உண்டாகிவிடும் என்று பிறகு அவருக்குத் தெரிந்தது. அதைத் தம் முகவரான அன்வினிடம் சொன்னார். அன்வின் அந்த மலிவான வழியைத் தாமே கையாண்டு, காப்புரிமையில் எழுதியிருப்பது கார்பைடு, நான் போடுவது கார்பைடு அன்று என்று வாதிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1851இல் ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. நாலைந்து சொற்களில் ஒரு வாழ்க்கை கைநழுவியது. மறு ஆண்டு பெஸ்ஸமர் தம் புதிய முறையில் எஃகு வார்த்தபோது, அந்த எஃகு நொறுங்காமல் நிற்க மீண்டும் மாங்கனீசே தேவைப்பட்டது. அதைச் சேர்த்துக் காட்டியவர் ராபர்ட் மஷெட். இன்று உலகில் வார்க்கப்படும் எஃகில் மாங்கனீசு இல்லாதது அரிது. துப்பாக்கியின் தாழிலும் ஏறத்தாழ நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்குவரை அது இருக்கும்.

ஹீத் இறந்து இரண்டாண்டுகளில் வந்த 1853ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கிக்குத் தாழ் கிடையாது. வாய்வழியே மருந்து இடிப்பது அது. 1857இன் கிளர்ச்சிக்குத் தீமூட்டிய தோட்டா இந்தத் துப்பாக்கிக்கானதுதான். அந்த ஆண்டில் ஏற்காட்டு வெள்ளையர்கள் கிரேஞ்ச் மாளிகையைக் கோட்டையாக்கி, உணவு சேர்த்துப் பதுங்கத் தயாரானார்கள் என்று உள்ளூர் வரலாறு சொல்கிறது. தாழுள்ள லீ துப்பாக்கி 1888இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிவிட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது.

1904இல் வங்காளத்து இச்சாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. லீ என்பீல்டு துப்பாக்கிகள் அங்கே ஆயிரக்கணக்கில் உருவாயின. எஃகின் கதை அங்கே தாழோடு இணைகிறது. ஆனால் எந்த எஃகு என்பது மட்டும் போதாது, எவ்வளவு சூடு என்பதும் வேண்டும் என்பதை உலகுக்குக் கற்பித்தது அமெரிக்காவின் ஒரு விபத்துத் தொடர். 1917இல் அங்கே 1903ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள் சில, தாழைத் தாங்கும் உடற்பகுதியே உடைந்து சிதறின. எஃகு நல்ல எஃகுதான். ஆராய்ந்தபோது பிழை கண்ணில் இருந்தது. அனுபவம் மிக்க கொல்லர்கள் காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்துவந்தார்கள். வெயில் அடிக்கும் நாளில் அதே நிறம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், மேலும் சூடேற்றுவார்கள். வெயில் நாளுக்கும் மேக மூட்டமான நாளுக்கும் இடையே வேறுபாடு 300 பாரன்ஹீட் பாகை வரை போயிருந்தது. மிகைச் சூட்டில் எஃகு வெந்து பாழாகியிருந்தது. அதன்பின் வெப்பமானிகள் வந்தன. 1918 தொடக்கத்தில், ஸ்பிரிங்பீல்டு ஆலையின் 8,00,000ஆம் எண்ணை ஒட்டி, உடற்பகுதிக்கும் தாழுக்கும் இருமுறைச் சூட்டுப் பதம் வழக்கமாயிற்று.

இதைப் படித்தபோது நமக்கு நம்மூர் மூசைக் கொல்லர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் கண்ணால் கணித்தவர்களே. அமெரிக்கக் கொல்லரின் கண் பிழைத்தபோது அதை அளந்து, காரணம் கண்டு, கருவி வைத்துத் திருத்தினார்கள். நம் கொல்லரின் கண் பிழைத்ததா, பிழைக்கவில்லையா என்று கேட்க எவரும் அமரவில்லை. ஷெபீல்டின் மலிவு எஃகு கப்பலில் வந்து இறங்கியது, கரிக்குக் காடு வெட்டுவது வனச்சட்டத்தில் குற்றமானது, உலை அணைந்தது. எழுதத் தெரிந்தவர்கள் உலைப்பக்கம் போகவில்லை. உலையில் நின்றவர்களுக்கு எழுத்து கொடுக்கப்படவில்லை. இதைச் சட்டத்தின் மேலும் வெள்ளையர் மேலும் மட்டும் போட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் தாழின் எஃகு ஒருமுறை பெருங்கேள்வியானது. 1962இன் சீனப் போருக்குப் பின் படைக்கு நவீனத் துப்பாக்கி போதவில்லை. புதிய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் பழைய லீ என்பீல்டு வடிவத்திலேயே சுடலாமே என்று இச்சாப்பூரில் முடிவெடுத்தார்கள். அத்தோட்டாவின் உச்ச அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,100 மடங்கு. பழைய தாழின் வடிவம் அப்படியே இருக்கலாம். அதன் எஃகு இருக்க முடியாது. ஆகவே உடற்பகுதிக்கும் தாழுக்கும் மேம்பட்ட எஃகைத் தேர்ந்தார்கள். 1963இல் 2ஏ, 1965இல் 2ஏ1 என்று வெளிவந்த அத்துப்பாக்கி, தோற்றத்தில் முதல் உலகப் போர்க் காலத்தது, எலும்பில் புதியது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு தாழ்களை வேறுபடுத்துவது கண்ணுக்குத் தெரியாத உள்ளிருப்பு மட்டுமே. 1966இல் திருச்சியிலும் படைக்கலத் தொழிற்சாலை அமைந்து, துப்பாக்கித் தொழில் காவிரிக் கரைக்கு வந்தது.

இனி மேற்பூச்சு. தாழ் நெருக்கமான அளவுகளில் இயங்கும் உறுப்பு. அதன் பூட்டு முகங்களில் தடித்த வண்ணம் பூச இயலாது. லீ என்பீல்டின் தாழ்கள் பலவற்றை மெருகேற்றி எண்ணெய் மட்டும் தடவி விட்டிருந்தார்கள். மழைக்காட்டில் அது போதாது. அளவைக் கெடுக்காத காப்புகள் மூன்று. ஒன்று, கொதிக்கும் காரக் கரைசலில் எஃகை முக்கி அதன் தோலைக் கறுப்பு ஆக்சைடாக்குவது. இது மேலே பூசுவதன்று, இரும்பே மாறிக்கொள்வது. அந்தக் கறுப்புத் தோலின் பெயர் மேக்னடைட், காந்தக்கல். கஞ்சமலையின் இரும்புத் தாது எதுவோ அதுவே. கல்லை உருக்கி இரும்பாக்கி, இரும்பை எஃகாக்கி, எஃகைத் தாழாக்கி, கடைசியில் துரு பிடிக்காமலிருக்க அதன்மேல் மறுபடியும் கல்லைப் போர்த்துகிறார்கள். சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். கறுப்புத் துரு அதைக் காக்கும். இரண்டும் ஒரே இரும்பும் ஒரே உயிர்வளியும் சேர்ந்தவைதாம்.

இரண்டாவது பாஸ்பேட் தோல். 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் காப்புரிமை பெற்ற இம்முறை, பிறகு அமெரிக்காவில் பார்க்கர் பெயரில் பரவியது. சில மைக்ரான் பருமனுள்ள சாம்பல்நிறப் படிகத் தோல். நுண்துளைகளில் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உராயும் ஆயுத உறுப்புகளுக்கு இதில் விரும்பப்படுவது மாங்கனீசு பாஸ்பேட். ஹீத்தின் மாங்கனீசு எஃகின் உள்ளே மட்டுமன்று, மேலேயும் வந்து அமர்ந்துவிட்டது. மூன்றாவது, கடினக் குரோமிய முலாம். வழுக்கும், தேயாது. ஆனால் முலாமிடும்போது எழும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கக்கூடும். உடனே அடுப்பிலிட்டு அதை வெளியேற்ற வேண்டும். காப்பே கேடாகும் இடமும் உண்டு.

காந்தக்கல், மாங்கனீசு, குரோமியம். இம்மூன்றின் கதையிலும் சேர்வராயன் அடிவாரம் எங்கோ ஓரிடத்தில் வருகிறது. இவற்றை உருக்கும் கொதிகலங்களின் உட்சுவருக்கான செங்கலும் அங்கே வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லிலிருந்து செய்யப்பட்டது. ஆனால் மலைமேல் வாழும் மலையாளி மக்களுக்கு இந்த வரலாறு வந்து சேர்ந்த விதம் வேறு. அவர்களின் வேட்டைக்குப் பயன்பட்டது வாய்வழி மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி, தாழற்றது, 1857இன் தொழில்நுட்பம். சேலம், தருமபுரி மலையூர்களில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை கேட்பதும், மக்கள் கொண்டுவந்து போடுவதும் இன்றும் செய்தித்தாளில் வருகின்றன. கேட்கச் செல்லும் காவலரின் தோளில் தாழுள்ள துப்பாக்கி இருந்த காலத்தை நினைத்தால், ஒரே இரும்பு இரண்டு நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றது விளங்கும்.

1970 செப்டம்பரில் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைத் தாதை உருக்குவதே பழைய கனவு. 1981இல் ஆலை இயங்கியபோது அது வெளியிலிருந்து வந்த எஃகைத் துருவேறாத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. மலையின் அடியிலேயே நிற்கும் அந்த ஆலையில் கஞ்சமலைக் கல் ஒரு கூடைகூட உருகியதில்லை. அந்த மலையை வெட்ட வேண்டுமென்பதும் நம் வாதமன்று. தாதின் தரம் குறைவு. மலையோ அதைச் சுற்றியிருக்கும் ஊர்களின் நீரும் கோயிலும். உருக்காலைக்கு ஊர்ப்பெயரை வைத்ததோடு நம் பெருமை நின்றுவிடாமல், மூசையில் உமியையும் ஆவாரையையும் அளந்து போட்டவனின் கணக்கையும் நம் பிள்ளைகள் வேதியியல் வகுப்பில் கற்க வேண்டும் என்பதே நம் ஆசை. ஹீத் எழுதியிராவிட்டால் அந்த அளவும் நமக்குக் கிடைத்திராது.

போகியன்று சேலத்துப் பக்கத்து வீடுகளின் இறவாணத்தில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துச் செருகுவார்கள். அதற்குப் பெயர் காப்புக் கட்டு. எதற்கு ஆவாரை என்று கேட்டால் வீட்டுக்குத் தீங்கு வராது என்று பாட்டிமார் சொல்வார்கள். இரும்பைப் பற்றி அவர்களில் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.